டெலிவரிக்கு அப்புறம் தும்முனா லீக் ஆகுதா? பெல்விக் ஃப்ளோர் எக்சர்சைஸ சரியா செய்யுறது எப்படி

தும்முனா கொஞ்சம், இருமுனா கொஞ்சம், யாராவது சிரிக்க வச்சா இன்னும் கொஞ்சம்னு யூரின் லீக் ஆகுதா? இல்ல பாப்பாவ தூக்கிட்டு எந்திரிக்கும்போது கீழ ஏதோ இறங்குற மாதிரி கனமா இருக்கா? அப்ப இது உங்களுக்குத்தான். டெலிவரி ஆன முதல் 3 மாசத்துல கிட்டத்தட்ட 3 பேர்ல ஒருத்தருக்கு இந்த லீக் பிரச்சனை இருக்கு, ஆனா வளைகாப்புல இருந்து பேர் வைக்கிறது வரைக்கும் ஆயிரம் அட்வைஸ் சொல்ற நம்ம ஊர்ல இத பத்தி மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அம்மாகிட்ட சொன்னா "பிள்ள பெத்த உடம்புன்னா அப்படித்தான்டி இருக்கும், போகப்போக சரியாயிடும்"னு முடிச்சிடுவாங்க. சில பேருக்கு தானாவே சரியாகுது, நிஜம்தான். ஆகாதவங்க என்ன பண்றாங்கன்னா டார்க் கலர் சுடிதாரா பார்த்து எடுத்துக்கிட்டு, வெளிய கிளம்புறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்காம, தூரமா பஸ்ல போற விசேஷத்துக்கெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லிக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டுறாங்க.

இதுக்கு பெல்விக் ஃப்ளோர் எக்சர்சைஸ், அதாவது கீகல்னு சொல்றாங்களே அது, நல்லாவே வேலை செய்யும். சரியான தசைய கண்டுபிடிச்சு செஞ்சாத்தான். டிஸ்சார்ஜ் அன்னிக்கு மாத்திரை சீட்டக் குடுத்துட்டு "கீகல் பண்ணுங்கம்மா, கீழ இறுக்கி இறுக்கி விடுங்க"ன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க, நாமளும் பிள்ளை அழுகுதேன்னு தலையாட்டிட்டு வந்துடுவோம், எத இறுக்கணும் எப்படி விடணும்னு கேக்கவும் கூச்சமா இருக்கும். 1991ல அமெரிக்காவுல 47 பெண்களுக்கு வெறும் வாயால சொல்லிக் குடுத்துட்டு கருவி வச்சு சோதிச்சுப் பார்த்தாங்க, சுமார் பாதிப்பேர்தான் சரியா பண்ணாங்க, 4ல ஒருத்தர் பண்ணது லீக்க இன்னும் கூட்டி விடுற மாதிரி இருந்துச்சு. மேல இழுக்குறதுக்கு பதிலா கீழ முக்குறது, இதுதான் வழக்கமா நடக்குறது. அதனால எத்தனை தடவை, எத்தனை செகண்ட்ங்கிறத அப்புறம் பாப்போம், முதல்ல தசை.

எங்க இருக்கு அது

முன்னாடி அடிவயித்துக்கு கீழ கைவச்சா கெட்டியா ஒரு எலும்பு படும்ல, அங்கிருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும், ரெண்டு பக்கமும் உக்காருற எலும்பு வரைக்கும் விரிஞ்சு கிடக்குற தசைக் கூட்டம்தான் பெல்விக் ஃப்ளோர். யூரின் பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் கீழ இருந்து தாங்குறது இதுதான், யூரின் போற வழி, குழந்தை வர்ற வழி, மோஷன் போற வழி மூணும் இதுக்குள்ள பூந்துதான் வெளிய வருது. 9 மாசம் அந்த கனத்தை தாங்கிட்டு, கடைசியில குழந்தை தலை வெளிய வரும்போது இந்த தசையோட உள்பக்கப் பகுதி 3 மடங்குக்கு மேல இழுபடுது. கை கால்ல இருக்குற தசை இந்த அளவுக்கு இழுபட்டா கிழிஞ்சே போயிடும். ஆயுதம் போட்டு எடுத்தது, ரொம்ப நேரம் முக்குனது, குழந்தை வெயிட் ஜாஸ்தி, தையல் ஆழமா போட்டதுன்னா அடி இன்னும் கூட.

"எனக்கு சிசேரியன் தானே, எனக்கு எதுக்கு?"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கர்ப்பமா இருந்த மாசங்கள்ல தாங்குன கனம் உங்களுக்கும் அதேதான். வலி வந்து பல மணி நேரம் கழிச்சு சிசேரியனுக்கு கொண்டு போயிருந்தா இன்னும். சுகப்பிரசவத்த விட ரிஸ்க் கம்மி, அவ்வளவுதான், இல்லவே இல்லன்னு கிடையாது.

ஆர்னால்ட் கீகல்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1948ல இத எழுதுனாரு, அவர் பேர்லதான் இன்னிக்கும் சொல்றோம். அவர் சும்மா வாயால சொல்லி அனுப்பல, விரல் வச்சு தசை வேலை செய்யுதான்னு பார்த்து, அழுத்தம் அளக்குற ஒரு கருவி வச்சு அந்தப் பொண்ணுக்கே முள்ளு ஏறுறத காட்டி பழக்குனாரு. அந்தப் பாதி காணாமப் போய் "இறுக்கு, விடு" மட்டும்தான் நம்மகிட்ட வந்து சேர்ந்திருக்கு. எனக்கு இதுல கொஞ்சம் கோவமே உண்டு.

கண்டுபிடிக்கிற விதம்

மல்லாக்க படுங்க, தலைக்கு ஒரு தலகாணி, முட்டிய மடக்கி பாதத்த தரையில வைங்க. பாப்பா தூங்குற நேரமா பாத்துக்கோங்க, முதல் தடவை கொஞ்சம் நிதானம் வேணும். ஒரு கைய தொப்புளுக்கு கீழ வைங்க. மூச்சு சாதாரணமா நாலஞ்சு தடவை போய் வரட்டும், தொடை, பின்பக்கம், தாடை எல்லாம் லூசா இருக்கட்டும் (தாடையக் கடிச்சுக்கிட்டு இருந்தா கீழயும் இறுகித்தான் இருக்கும், செஞ்சு பாருங்க தெரியும்).

இப்ப நாலு பேர் நடுவுல உக்காந்திருக்கீங்க, கேஸ் வரப்போகுது, விடக்கூடாது. அந்த இடத்த மட்டும் மெதுவா மூடி உள்ள இழுங்க. அத விடாம அப்படியே முன்னாடி வந்து, ஒண்ணுக்கு வர்றத அடக்குற மாதிரி அங்கயும் மூடுங்க. ரெண்டையும் சேர்த்து உள்ள, மேல, தொப்புள் பக்கமா தூக்குங்க. பாட்டி இடுப்புல சொருகியிருக்குற சுருக்குப்பைய கயித்தப் புடிச்சு இழுத்தா வாய் சுருங்கி மூடி அப்படியே மேல ஏறும்ல, அந்த மூடுறதும் ஏறுறதும் ரெண்டும் வேணும். வெறும் மூடுறது மட்டும் பத்தாது.

செய்யும்போது பின்பக்கம் தரையில இருந்து எழும்புச்சுன்னா நீங்க புட்டத்த இறுக்குறீங்க. முட்டி ரெண்டும் ஒண்ண ஒண்ணு நெருங்குச்சுன்னா தொடைய இறுக்குறீங்க. வயித்துல வச்ச கை மேல தள்ளப்பட்டா நீங்க முக்குறீங்க, அது தப்புலயே பெரிய தப்பு, உடனே நிறுத்திடுங்க. அடிவயிறு லேசா உள்ள போனா பரவால்ல, அது கூடவே வர்றதுதான். மூச்சப் புடிச்சுக்கிட்டு கண்ண உருட்டுறது, தோள் காது வரைக்கும் ஏறுறது, இதெல்லாம் எல்லாரும் முதல்ல பண்றது. புடிச்சுக்கிட்டே சத்தமா 1, 2, 3ன்னு எண்ணிப் பாருங்க, பேச முடிஞ்சா மூச்சு ஓடுதுன்னு அர்த்தம்.

இன்னும் சந்தேகமா இருந்தா ரெண்டு வழி. ஒண்ணு, கைத் துண்டு ஒண்ண நல்லா சுருட்டி பலகை மாதிரி கெட்டியான நாற்காலியில நீளவாக்குல வச்சு, அது ரெண்டு காலுக்கு நடுவுல முன்ன இருந்து பின்ன போற மாதிரி அது மேல உக்காருங்க. கீழ துண்டு படுறது நல்லா தெரியும். இறுக்கித் தூக்கும்போது அந்த இடம் துண்ட விட்டு லேசா விலகுற மாதிரி இருக்கணும், விடும்போது திரும்ப துண்டு மேல வந்து உக்காரணும். துண்டு மேல இன்னும் அமுங்குதுன்னா முக்குறீங்க. தையல் ஆறாத வரைக்கும் இத பண்ண வேணாம், வலிக்கும். ரெண்டாவது கண்ணாடி. முகம் பாக்குற சின்ன கண்ணாடிய கால் நடுவுல வச்சுப் பாருங்க, குழந்தை வர்ற வழிக்கும் மோஷன் போற வழிக்கும் நடுவுல இருக்குற இடம் உள்ள இழுக்கணும், வெளிய பிதுங்கக் கூடாது. நம்ம உடம்ப நாமளே பாக்குறதுக்கு என்ன வெக்கம், டெலிவரி வார்டுல எத்தனை பேர் பார்த்தாங்க.

ஒண்ணுக்குப் போகும்போது நடுவுல நிறுத்திப் பாருங்கன்னு பல வீடியோல சொல்றாங்க. தசை எதுன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு தடவை பாக்கலாம், அதையே பயிற்சியா வச்சுக்காதீங்க. யூரின் பை முழுசா காலியாகாம கொஞ்சம் தங்கும், அப்புறம் இன்ஃபெக்ஷன் வந்து அது வேற தனிக்கதை ஆயிடும்.

முதல் சில நாள் எதுவுமே உணர்வு இல்லாம மரத்துப் போன மாதிரி இருந்தாலும் பயப்படாதீங்க. அந்தப் பக்கம் போற நரம்பும் டெலிவரில இழுபட்டிருக்கு, அது சுதாரிக்க டைம் எடுக்கும். உணர்வு தெரியலன்னாலும் மனசால அந்த இடத்துக்கு ஆர்டர் போட்டுட்டே இருங்க. ஆனா கால் நடுவுல முழுசா மரத்து, ஒண்ணுக்கும் வரலன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

எப்ப ஆரம்பிக்கலாம்

யூரின் ட்யூப் எடுத்தாச்சு, நீங்களா ஒண்ணுக்கு நல்லா போறீங்க, அப்புறம் மறுநாளே ஆரம்பிக்கலாம், நார்மலோ சிசேரியனோ. தையல் பிரிஞ்சிடுமோங்கிற பயம் எல்லாருக்கும் இருக்கு, மெதுவா செஞ்சா பிரியாது, சொல்லப்போனா ரத்த ஓட்டம் வந்து வீக்கம் வடியும். சுருக்குன்னு குத்துற வலி வந்தா மட்டும் விட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு பாருங்க. மோஷன் போற வழி தசை வரைக்கும் கிழிஞ்சு தையல் போட்டிருந்தா (டிஸ்சார்ஜ் பேப்பர்ல 3வது டிகிரி, 4வது டிகிரின்னு எழுதியிருப்பாங்க) உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும், உங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் கட்டாயம் வேணும்.

முதல் வாரம் எண்ணிக்கைக்கு பின்னாடி ஓட வேணாம். ஒருக்களிச்சுப் படுத்து பால் குடுக்கும்போது 2, 3 செகண்ட் லேசா தூக்கி, முழுசா விட்டு, ஒரு அஞ்சாறு தடவை. அவ்வளவுதான்.

ரெண்டாவது வாரத்துல இருந்து ஒழுங்கா ஒரு கணக்கு வச்சுக்கோங்க. மூச்ச உள்ள இழுக்கும்போது கீழ எல்லாம் லூசா விடுங்க, மூச்ச வெளிய விட ஆரம்பிக்கும்போது தூக்குங்க, புடிங்க, சாதாரணமா மூச்சு விட்டுட்டே புடிங்க. முதல்ல 3 செகண்ட் புடிக்க வந்தா 3தான். புடிச்ச நேரத்துக்கு குறையாம ரெஸ்ட் குடுங்க, டபுளா குடுத்தாலும் நல்லது. இப்படி 8ல இருந்து 10 தடவை. அப்புறம் வேகமா ஒரு 10, டக்குன்னு தூக்கி டக்குன்னு விடுறது, ஒவ்வொண்ணும் ஒரு செகண்ட். மெதுவா புடிக்கிறது நாள் முழுக்க தாங்குறதுக்கு, வேகமா புடிக்கிறது தும்மல் இருமலுக்கு, ரெண்டு வேலைக்கும் ரெண்டு விதமான நார் அந்த தசையில இருக்கு, ஒண்ண மட்டும் பண்ணா இன்னொண்ணு சோம்பேறி ஆயிடும். ஒரு நாளைக்கு 3 வேளை. இங்கிலாந்து அரசு மருத்துவ வழிகாட்டுதல்லயும் கணக்கு இதுதான், குறைஞ்சது 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம்.

வாரம் ஒரு செகண்ட் கூட்டி 10 செகண்ட் வரைக்கும் கொண்டு போங்க. 10க்கு மேல போகத் தேவையில்ல. 6 செகண்ட்ல தானா நழுவிடுச்சுன்னா 5தான் உங்க அளவு, அதுல நில்லுங்க, தளர்ந்துபோன தசைய வச்சு இன்னும் 20 பண்றேன்னு நின்னா புட்டமும் தொடையும்தான் வேலை செய்யும்.

விடுறது பத்தி ஒரு வார்த்தை. இந்த எக்சர்சைஸ்ல பாதி வேலை விடுறதுதான், இதத்தான் யாருமே சொல்றதில்ல. தூக்குனத விட்டதும் கீழ இறங்கி மொத்தமா லூசானது உங்களுக்கு தெரியணும், தெரியாம அடுத்தத ஆரம்பிக்காதீங்க. விடாம இறுக்கி இறுக்கியே பழகுனா தசை எப்பவும் இறுகியே கிடக்கும், அப்பவும் லீக் ஆகும், கூடவே வலியும் வரும்.

படுத்து நல்லா வந்துடுச்சுன்னா உக்காந்து, அப்புறம் நின்னுக்கிட்டு. நிக்கும்போது மேல இருக்குற கனம் முழுக்க இறங்குறதால படுத்து 8 செகண்ட் புடிச்சவங்களுக்கு 4தான் வரும், அது இயல்பு. நமக்கு லீக் ஆகுறது நிக்கும்போதும் நடக்கும்போதும் தானே, அதனால நின்னு செய்யுற கட்டத்துக்கு கண்டிப்பா வந்து சேரணும்.

நேரம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. மொத்தமே ஒரு வேளைக்கு அஞ்சு நிமிஷம். அலாரம் வைக்கிறத விட பால் குடுக்குறதோட முடிச்சுப் போட்டுடுங்க, காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி பாப்பாவ தூங்க வைக்கிற நேரத்துல ஒண்ணு. பிள்ளை வாய வச்சு குடிக்க ஆரம்பிச்சதும் நீங்க ஆரம்பிங்க. மாமியார் எதிர்ல உக்காந்திருந்தாலும் தெரியாது, அதான் இதுல இருக்குற பெரிய வசதி.

தும்முறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட்

இது தனியா சொல்ல வேண்டிய விஷயம், ஏன்னா தசை பலமாக வாரக்கணக்கா ஆகும், இது சில நாள்லயே பலன் தெரியும். அடுப்படியில வரமிளகா தாளிக்கிறாங்க, நெடி ஏறுது, மூக்கு துருதுருங்குது, தும்மல் வரப்போகுதுன்னு ஒரு செகண்ட் முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிடும். அந்த ஒரு செகண்ட்ல கீழ தூக்கிப் புடிச்சுக்கிட்டு, அப்புறம் தும்முங்க, முடிஞ்சதும் விடுங்க. தொண்டைய செருமுறது, இருமல், பாப்பாவ தொட்டில்ல இருந்து தூக்குறது, தரையில இருந்து எந்திரிக்கிறது எல்லாத்துக்கும் இதேதான், முதல்ல தூக்கு, அப்புறம் வேலை. 1998ல இத சோதிச்ச ஆராய்ச்சியில, லேசா லீக் இருந்த பெண்களுக்கு ஒரே வாரத்துல இருமும்போது கசியுறது நல்லா குறைஞ்சது. ஆரம்பத்துல ஞாபகம் வராது, தும்மி முடிச்ச அப்புறம்தான் ஐயோன்னு தோணும். பழகப் பழக உடம்பே செஞ்சுக்கும்.

இன்னொரு ரகம் இருக்கு, வெளிய போயிட்டு வந்து வீட்டுக் கதவு பூட்டுல சாவி போடும்போதே தாங்க முடியாம முட்டிக்கிட்டு வர்றது, பைப்ப திறந்தா வர்றது. அப்ப ஓடாதீங்க. ஓடுனா இன்னும் கொட்டும். அப்படியே நில்லுங்க, இல்ல உக்காருங்க, வேகமா அஞ்சாறு தடவை தூக்கி விடுங்க, அந்த அவசரம் ஒரு அலையா ஏறி இறங்கும், இறங்குன அப்புறம் நிதானமா நடந்து போங்க. காபி டீ நாளைக்கு நாலு கிளாஸ் குடிக்கிறவங்க ரெண்டா குறைச்சாலே இந்த ரகத்துல வித்தியாசம் தெரியும். எதுக்கும் இருக்கட்டும்னு அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போற பழக்கமும் வேணாம், கொஞ்சூண்டு சேர்ந்ததுமே கூப்பிட யூரின் பை பழகிடும்.

வீட்டுல நடக்குற சில விஷயங்கள்

அம்மா வீட்டுல இருக்குற 40 நாள் பத்தியத்துல நல்லதும் இருக்கு, இந்த தசைக்கு ஆகாததும் இருக்கு. படுத்து ரெஸ்ட் எடு, கனம் தூக்காதேன்னு சொல்றது தங்கமான அட்வைஸ். முதல் 6 வாரம் உங்க பிள்ளைய விட கனமான எதையும் தூக்காதீங்க, தண்ணிக் குடம், ஈரத்துணி பக்கெட், அரிசி மூட்டை, மூத்தது இருந்தா அத இடுப்புல வைக்கிறது எல்லாம் இதுல சேரும். மூத்தது அழுதா நீங்க கீழ உக்காந்து மடியில ஏத்திக்கோங்க.

தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்னு அரை டம்ளர் வெந்நி குடுப்பாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை. பால் குடுக்குற உடம்புக்கு தண்ணி வேணும். தண்ணி இல்ல, காய் இல்ல, கீரை இல்ல, பழம் குளிர்ச்சின்னு அதுவும் இல்ல, பூண்டுக் குழம்பும் கருவாடும் மட்டும், கூடவே 6 மாசத்துக்கு குடுக்குற இரும்புச்சத்து மாத்திரை வேற, மோஷன் கல்லா இறுகாம என்ன பண்ணும்? அத முக்கி முக்கிப் போனா நீங்க 3 வேளை பண்ற எக்சர்சைஸ் மொத்தமும் பாத்ரூம்லயே வீணாப் போகும். மாத்திரைய நிறுத்தாதீங்க, தண்ணியும் பழமும் கேட்டு வாங்கிக்கோங்க. "அம்மா, டாக்டர் சொல்லிருக்காங்க"ன்னு ஒரு வார்த்தை போட்டா வேலை நடக்கும். அப்பவும் இறுகுனா மோஷன் இளக்குற மருந்து கேட்டு வாங்குங்க, பால் குடுக்கும்போது சாப்பிடுற மாதிரியே இருக்கு.

வெஸ்டர்ன் டாய்லெட்ல காலுக்கு கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முட்டி இடுப்ப விட உயரமா இருக்குற மாதிரி உக்காந்தா முக்காமயே போகும். இந்தியன் டாய்லெட்டுல அந்த வசதி தானாவே இருக்கு, தையல் வலி குறைஞ்ச அப்புறம் அது நல்லதுதான். முக்குறதுக்கு பதிலா வாயத் திறந்து "ஹா"ன்னு மூச்சு விடுங்க. தையல் இருந்தா சுத்தமான பேட மடிச்சு அந்த இடத்துல லேசா தாங்கிப் புடிச்சுக்கிட்டா பயமில்லாம போகலாம். பஸ் ஸ்டாண்ட் டாய்லெட்டுல அருவருப்புல உக்காராம அந்தரத்துல நின்னுக்கிட்டே போவோம்ல, அப்ப தசை லூசாகாது, யூரின் முழுசா வராது. டிஷ்யூ போட்டு துடைச்சிட்டு உக்காருறதே மேல்.

வயிறு கட்டுறது பத்தி கேக்காதவங்க இல்ல. பழைய வேட்டியோ காட்டன் புடவையோ வச்சு இதமா கட்டுனா முதுகுக்கு தெம்பா இருக்கும், எழுந்து நடக்க தைரியம் வரும், தப்பில்ல. ஆனா மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுனா வயித்துல இருக்குற அழுத்தம் எங்க போகும்? கீழதான் இறங்கும், அதுவும் ஏற்கனவே தளர்ந்து கிடக்குற இடத்து மேல. ரெண்டு விரல் உள்ள நுழையுற அளவுக்கு கட்டச் சொல்லுங்க, ராத்திரி அவுத்துடுங்க. தொப்பை குறைய சிட் அப் பண்றதும் இதே காரணத்துக்காக வேணாம், வயித்து தசை நடுவுல பிரிஞ்சிருக்குறது சேரணும், கீழ தளம் பலமாகணும், அப்புறம்தான் அதெல்லாம். ஓடுறது, ஸ்கிப்பிங், ஜும்பா இதுக்கெல்லாம் குறைஞ்சது 12 வாரம் போகட்டும், போனதுக்கு அப்புறமும் குதிச்சா லீக் ஆகுதுன்னா இன்னும் ரெடி இல்லன்னு அர்த்தம். நடக்குறதுக்கு தடை எதுவும் இல்ல.

பால் குடுக்குற காலத்துல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கம்மியா இருக்கும், அதனால கீழ வறண்டு எரிச்சலா இருக்கும், சில சமயம் லீக்கும் அதனால கொஞ்சம் கூட இருக்கும். கணவரோட சேரும்போது வலிச்சாலும் இதுதான் ஒரு காரணம், அவசரப்படாதீங்க, ஜெல் யூஸ் பண்ணலாம், வலி தொடர்ந்தா டாக்டர்.

எல்லாரும் இறுக்கக் கூடாது

ஒண்ணுக்கு வர ஆரம்பிக்கவே நேரம் ஆகுது, விட்டு விட்டு வருது, போயிட்டு வந்தும் மிச்சம் இருக்குற மாதிரி இருக்கு, வால் எலும்பு கிட்ட வலிக்குது, உறவுல தாங்க முடியாத வலி, கீகல் பண்ணப் பண்ண வலி கூடுது. இதுல ரெண்டு மூணு உங்களுக்கு பொருந்துச்சுன்னா உங்க தசை தளர்ந்து இல்ல, இறுகிப் போயிருக்கலாம். அதுக்கு மேல மேல இறுக்குறது மருந்தில்ல. எக்சர்சைஸ நிறுத்திட்டு, படுத்து முட்டிய மடக்கி வயிறு உப்புற மாதிரி மூச்ச இழுத்து, கீழ விரியுறத கவனிச்சு, மெதுவா விடுங்க, முட்டி போட்டு குனிஞ்சு நெத்திய தலகாணியில வச்சுப் படுக்குற பாலாசனமும் இதுக்கு நல்லா இருக்கும். ஒரு பிசியோகிட்ட காட்டிட்டுதான் மேற்கொண்டு. யோகா கிளாஸ்ல மூலபந்தம், அஸ்வினி முத்திரைன்னு சொல்லிக் குடுக்குறதும் இதே தசைகளத்தான் வேலை வாங்குது, பாத்து. உள்ள வைக்கிற கல் முட்டை, கூம்புன்னு ஆன்லைன்ல விக்கிறாங்க, யாரும் பார்க்காம நீங்களா வாங்கி வைக்காதீங்க.

சாயங்காலம் ஆக ஆக கீழ கனம், உக்காந்தா ஏதோ பந்து மேல உக்காந்த மாதிரி, குளிக்கும்போது கையில ஏதோ தட்டுப்படுது, இப்படி இருந்தா கர்ப்பப்பையோ யூரின் பையோ கொஞ்சம் இறங்கியிருக்கலாம். பதற வேணாம், டெலிவரிக்கு அப்புறம் லேசான இறக்கம் நிறைய பேருக்கு இருக்கு, எக்சர்சைஸ்ல நல்லாவே சமாளிக்கலாம். இடுப்புக்கு கீழ ஒரு தலகாணி வச்சு உயர்த்திப் படுத்து செய்யுங்க. உள்ள வைக்கிற ரிங் மாதிரி சாதனம் இருக்கு, அதுவும் உதவும். கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு எடுத்த எடுப்புலயே யாராவது சொன்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கர்ப்பப்பைய எடுத்தாலும் கீழ தாங்குற தசை அதே தசைதான்.

எப்ப, யார்கிட்ட போறது

காய்ச்சல், நாத்தமடிக்கிற போக்கு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பேட் நனையுற அளவு ரத்தம், கெண்டைக்கால் ஒண்ணு மட்டும் வீங்கி வலி, இதுக்கெல்லாம் எக்சர்சைஸ் பத்தி யோசிக்காம உடனே ஆஸ்பத்திரி. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னா முதல்ல யூரின் டெஸ்ட். கேஸோ மோஷனோ அடக்க முடியாம தானா போயிடுதுன்னா வெக்கப்பட்டுக்கிட்டு 3 மாசம் காத்திருக்காதீங்க, அடுத்த செக்கப்லயே சொல்லுங்க.

மத்தபடி லீக் குறைய ஆரம்பிக்க ஒரு ஆறு எட்டு வாரம் ஆகும், 3 மாசம் ஒழுங்கா பண்ணியும் அப்படியே இருந்தா ஆள் மாத்தி ஆள் அட்வைஸ் கேக்காம பிசியோதெரபிஸ்ட்டப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல பிசியோதெரபி டிபார்ட்மெண்ட் இருக்கு. 2021ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச, வீட்டுக்கே வந்து பாக்குற மக்களைத் தேடி மருத்துவம் டீம்லயும் பிசியோதெரபிஸ்ட் உண்டு, உங்க பக்கத்துக்கு யாருன்னு வீட்டுக்கு வர்ற வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காகிட்ட கேளுங்க. தனியார்ல பெண்கள் நலத்துக்குன்னே படிச்ச பிசியோக்கள் சென்னை, கோவை மாதிரி ஊர்கள்ல இருக்காங்க, ஆன்லைன்ல பாக்குறவங்களும் உண்டு, ஆனா ஒரு தடவையாவது நேர்ல விரல் வச்சு செக் பண்ணிக்கிட்டா நல்லது. பிரான்ஸ்ல டெலிவரி ஆனவங்களுக்கு இதுக்குன்னே செஷன் எழுதிக் குடுத்து அரசு இன்சூரன்ஸே காசு கட்டுது, பாரிஸ்ல சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க. இங்க நாமதான் கேட்டு வாங்கணும்.

போறதுக்கு முன்னாடி 3 நாள் ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க, எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணி டீ குடிச்சீங்க, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க, எப்ப லீக் ஆச்சு, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க, நனைஞ்சது ஒரு சொட்டா, பேட் மாத்துற அளவா. ஓ.பி.ல கூட்டமா இருக்கும், டாக்டர் நிமிர்ந்து பாக்குறதே ரெண்டு நிமிஷம். "கொஞ்சம் பிரச்சனையா இருக்கு டாக்டர்"னு இழுக்காம, "டெலிவரி ஆகி 4 மாசம், தும்முனா இருமுனா யூரின் லீக் ஆகுது, 3 மாசமா கீகல் பண்றேன், சரியா பண்றேனான்னு செக் பண்ணணும், பிசியோக்கு எழுதிக் குடுங்க"ன்னு சொல்லி அந்த நோட்ட மேஜை மேல வச்சிடுங்க.